நாலு கிலோமீட்டர்

சடையாண்டிப் பாறைக்கும் மணலோடைக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர் இருந்த காலத்தில், விளாம்பட்டிலிருந்து மலை இறங்கிச் சந்தைமேட்டுக்குப் போக இருபத்தெட்டு கிலோமீட்டர் ஆனது. அந்த இருபத்தெட்டில் இருபத்திநாலு ரோடாகவும் மீதி நாலு சேறாகவும் இருந்தது. அந்தச் சேற்றின் ஓரத்தில், புளியமரங்களுக்கு அடியில், ஏழு வீடுகள் இருந்தன. அந்த ஏழு வீடுகளில் ஒன்றில்தான் பூங்காவனம் பிறந்தாள்.

அந்த ஏழு வீட்டுக்கும் சேர்த்துப் புளியங்கொட்டாய் என்று பேர். அங்கிருந்து அவளை மேலே விளாம்பட்டில் தீர்த்தமலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மலையில் இருந்த ஒரே பிக்கப் வண்டி தீர்த்தமலையுடையது. சாமையும் மிளகும் பலாப்பழமும் கீழே இறங்கியது அதில்தான், ரேஷன் அரிசியும் சிமெண்டும் கல்யாணப் பெண்களும் மேலே ஏறியதும் அதில்தான். வண்டி போகும்போதும் வரும்போதும் புளியங்கொட்டாயில் நிற்கும். பூங்காவனத்தின் அம்மா பச்சையம்மா செம்பில் கூழ் கொண்டுவந்து மருமகனிடம் கொடுத்துவிட்டு, மகள் வண்டியில் வந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பாள். அண்ணன் வேடியப்பன், தங்கை வராத நாளில்கூட அவளுக்கென்று ஒரு உருண்டைப் புளியை முன்சீட்டில் வைத்துவிட்டுப் போவான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் விளாம்பட்டுக் கர்ணனின் மனைவி வள்ளிக்கொடிக்குப் பிரசவ வலி எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். பாறை தாண்டியதும் சேற்றில் வண்டியின் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் சுற்றச் சுற்றக் குழி ஆழமானதே தவிர வண்டி ஒரு முழம் நகரவில்லை. பச்சையம்மா ஓடிவந்து வண்டியின் பின்பக்கத்தில் ஏறி வள்ளிக்கொடியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தலை அந்த மடியிலேயே சாய்ந்தது, பிள்ளையும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு தீர்த்தமலை வண்டியைக் கழுவவே இல்லை. மழை விட்டதும் பூங்காவனத்தையும் மகள் செவ்வந்தியையும் ஏற்றிக்கொண்டு சந்தைமேட்டில் ஜமீல் பாயின் பட்டறைக்குப் போய், எந்தச் சேற்றிலும் வயிறு தட்டாத அளவுக்குப் பெரிய டயர் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

ஜமீல் பாய் ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கினார், மட்கார்டின் ஓரத்தை வெட்டினார், செவ்வந்தி பக்கத்தில் நின்றால் அவள் தோளுக்கு வரும் டயர்களை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார். மாட்டி முடித்துக் கையைத் துடைத்தபடி, வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்றார்.

"டயர் பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி அதிக தூரம் போகும் தீர்த்தமலை, ஆனா ஏத்தத்துல இழுவை செத்துடும். பின் அச்சுல இருக்கிற பல்சக்கரம், கிரவுன் பினியன், அதையும் மாத்தணும், பல்லுக் கணக்கு மாறினாத்தான் இழுக்கும். அந்த சாமான் வெளியூர்லேருந்து வரணும், நாளாகும். அதுவரைக்கும் கிளட்சைப் பார்த்து மிதி." பிறகு நினைவு வந்தவராக இன்னொன்றும் சொன்னார். "மீட்டர் இனிமே கம்மியாத்தான் காட்டும். இருபத்தெட்டு ஓடினா இருபத்திநாலுன்னு சொல்லும். பயந்துக்காத. பினியன் மாத்தினா அதுவும் பழையபடி சரியாயிடும்."

திரும்பும்போது பூங்காவனத்தின் மடியில் அம்மாவுக்கு வாங்கிய வெற்றிலையும் பொரியும் இருந்தன. ஏற்றத்தில் வண்டி முனகியது, ஆனாலும் ஏறியது. சாயங்கால வெயிலில் மணலோடை பளபளத்தது, அதைத் தாண்டினார்கள். இனிமேல் சேறு, சேறு தாண்டினால் அம்மா வீடு என்று அவள் பொட்டலத்தைக் கையில் எடுத்தபோது வண்டி சடையாண்டிப் பாறையின் நிழலுக்குள் நுழைந்தது. தூங்கிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றான். வண்டியைத் திருப்பினான், பாறையின் நிழல் முடிந்த இடத்தில் ஓடையின் மணல் தொடங்கியது. மறுபடி திருப்பினான், மணல் முடிந்த இடத்தில் நிழல் தொடங்கியது. துணியை மடித்து ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, தையல் மட்டும் தெரியவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மீட்டரைப் பார்த்தான். அது இருபத்திநாலு என்றது. தீர்த்தமலை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இஞ்சினை அணைத்தான்.

அந்த ரோட்டை அந்த வண்டியைத் தவிர வேறெதுவும் தினம் அளந்ததில்லை என்பதால், மீட்டர் சொன்னதை மலை கேட்டுக்கொண்டது.

மறுநாள் கால்நடையாகப் போனவர்களுக்கும் தூரம் குறைந்திருந்தது, ஆட்டை ஓட்டிப் போனவர்களுக்கும் குறைந்திருந்தது. பெரிய வாத்தியார், மாதத்துக்கு இருமுறை வந்து போனவர், தினமும் வரத் தொடங்கினார். சந்தையில் வாங்கிய மல்லிகைப்பூ வாடாமல் வீடு வந்து சேர்ந்தது, சந்தைக்குப் போன தக்காளி நசுங்காமல் போய்ச் சேர்ந்தது. கீழேயிருந்து ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்தார்கள், அளந்ததையே திரும்பவும் அளந்தார்கள், யாரிடமும் எதுவும் பேசாமல் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, போகிற வழியில் கிலோமீட்டர் கல்லில் புது எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். மினிபஸ் விடலாம் என்று பேச்சு அடிபட்டது. எந்தச் சேற்றுக்காகப் பெரிய டயர் வாங்கினார்களோ அந்தச் சேறே இல்லாமல் போனதில், டயரில் ஒரு பொட்டு களிமண்கூடப் பட்டதில்லை.

புளியங்கொட்டாய் எங்கே என்று முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள். அடுத்த வாரம் சிலர் கேட்டார்கள். பிறகு, அவர்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை, ஆனால் அதைச் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. ஏர் உழ வேடியப்பனுக்கு மாடு இரவல் கொடுத்திருந்த ஒருவர், அந்த மாட்டை நினைத்து மட்டும் ரொம்ப நாள் புலம்பினார். மாசித் திருவிழாவில் சாமிப் பல்லக்கின் இடப்பக்கக் கொம்பைத் தூக்குவது புளியங்கொட்டாய்க்காரர்களின் முறை. நேரம் வந்ததும் விளாம்பட்டு இளவட்டங்கள் நாலுபேர் முண்டாசு கட்டிக்கொண்டு போய் அந்தக் கொம்புக்குத் தோள் கொடுத்தார்கள். பல்லக்கு கொஞ்சம்கூடச் சாயாமல் நேராகப் போனது. பூங்காவனம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் தினமும் பாறைக்கு நடந்தாள். நிழலும் மணலும் சேரும் இடத்தில் நின்று அம்மா என்று கூப்பிட்டாள். மண்ணைத் தோண்டிப் பார்த்தாள், மண்தான் இருந்தது. பாறையின் பின்பக்கம் ஏறிப் பார்த்தாள், ஓடையின் கரையோடு மேலும் கீழும் நடந்து பார்த்தாள். இடிந்த சுவர் இல்லை, சாய்ந்த மரம் இல்லை, ஏதோ ஒன்று இருந்ததற்கான பள்ளம்கூட இல்லை. ஊர்ப் பெண்கள் அவளிடம் வந்து, எத்தனை நாளைக்கு இப்படி அலைவாய், தாய்க்கும் அண்ணனுக்கும் காரியம் செய்து முடித்துவிடு என்றார்கள். செத்தவங்களுக்குத்தானே காரியம் என்றாள். அவர்கள் வருத்தத்தோடு எழுந்து போனார்கள். போகும்போது ஒருத்தி, அடுத்த சந்தைக்கு வண்டியில் தனக்கு இடம் வேண்டும் என்று தீர்த்தமலையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தீர்த்தமலை வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஊர் அவனைக் கொண்டாடியது, கோயிலில் முதல் திருநீறு அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் அதைப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் வரும்முன் துடைத்துவிட்டு வந்தான்.

பங்குனியில், சாமைக் கொல்லையில் விறகு பொறுக்கப் போன செவ்வந்தியைக் கண்ணாடி விரியன் கடித்தது. கால் உடனே வீங்கிக் கறுத்தது. தீர்த்தமலை வண்டியை எடுத்தான், பூங்காவனம் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் பிள்ளையின் கண் செருகச் செருக அவள் தட்டித் தட்டி எழுப்பினாள். சடையாண்டிப் பாறை கண்ணில் பட்டபோது பூங்காவனத்தின் நெஞ்சில் ஒரு பயம் வந்தது. நாலு கிலோமீட்டரும் இன்றைக்குத் திரும்பி வந்துவிடுமோ, அந்தச் சேறும் புளியமரமும் அம்மாவின் வாசலும் குறுக்கே வந்து நின்றுவிடுமோ என்று பயந்தாள். வரக்கூடாது சாமி, இன்னைக்கு மட்டும் வரக்கூடாது என்று வேண்டினாள். நிழல் முடிந்தது, மணல் வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு டாக்டரம்மா, இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாள். பூங்காவனம் வெளியே வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை பிழைத்த சந்தோஷம் முழுசாக வந்தது. அது வந்த வழியை நினைத்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய டயரோடு பழைய பல்லில் ஓடி ஓடி வண்டி கெட்டுக்கொண்டு வந்தது. கிளட்ச் தட்டு தேய்ந்து மாற்றினார்கள், மாற்றியதும் தேய்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிச் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஏறி, திரும்ப வந்து மீதியை ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. கருகல் நாற்றம் தீர்த்தமலையின் சட்டையிலும் சோற்றிலும் படிந்தது. வைகாசி பிறந்ததும் ஜமீல் பாய் ஆளனுப்பினார், கிரவுன் பினியன் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவா என்று.

அது வந்தால் இழுவை வரும், இழுவை வந்தால் மீட்டர் சரியாகும், மீட்டர் சரியானால் ரோடு என்ன ஆகும் என்பது யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதாக இருக்கவில்லை. அன்றைக்கே கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் பொன்னுரங்கம் நிதானமாகப் பேசுகிறவர். வண்டி நம் எல்லோருக்கும் பொது மாதிரி, இப்போது ஓடுகிற மாதிரியே ஓடட்டும், பாதிச் சுமை போதும், ஏறாத இடத்தில் ஊரே வந்து தள்ளும், கிளட்சுச் செலவு ஊர்ப்பொதுவில் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்த்தமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூங்காவனம் எழுந்து நின்றாள். அவள் கையெடுத்துக் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. ஏழு வீடு இருந்தது, அதில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொன்னாள். கைக்குழந்தைகளின் பேரையும் சொன்னாள். கட்டிக்கொடுத்த பெண்கள் இந்த ஊரிலேயே ஐந்துபேர் இருக்கிறோம், நான் மட்டும்தான் கேட்கிறேன், மற்ற நாலுபேரும் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். "பல்லு மாத்தினா அவங்க வருவாங்களோ என்னமோ, எனக்குத் தெரியாது. மாத்திப் பார்க்கிறதுக்குக்கூட உங்களுக்கு மனசு இல்லையா?"

பிறகு கர்ணன் எழுந்தான். வள்ளிக்கொடி போனதிலிருந்து ஊர்க்கூட்டத்தில் அவன் வாய் திறந்ததில்லை.

"உங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி. எம் பொண்டாட்டிக்குக் கடைசித் தண்ணி ஊத்தினது அந்தக் கைதான். ஆனா அவ செத்த இடம் அந்தச் சேறு. அது இல்லாமப் போனதுல எனக்கு வருத்தம் இல்ல. அது திரும்ப வரணும்னு நீ சொல்லக்கூடாது."

ஊர்க்கவுண்டர் அதற்கு மேலும் ஒன்று சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், அக்கறையோடுதான் சொன்னார். "ரோடு நீண்டா எதுவரைக்கும் நீளும்னு யாருக்கும்மா தெரியும்? உம் பொண்ணு பொழச்சது இந்தக் குறுக்கின ரோட்டால. அந்த அரைமணி நேரத்தை நீ திருப்பிக் கொடுத்தா, கொடுத்ததை மலை எங்க கொண்டுபோய்ச் சேர்க்கும்? நாளைக்கு வர்ற நாள்ல சேர்க்குமா, போன பங்குனியில, அவளைப் பாம்பு கடிச்ச அன்னைக்குச் சேர்க்குமா?"

செவ்வந்தி அப்போது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கால் தழும்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். பூங்காவனம் அவளைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

ஆனாலும் மறுநாள் காலையில் தீர்த்தமலை வண்டியை எடுத்தான். ஊரைக் கேட்கவில்லை. வா போகலாம் என்று பூங்காவனத்தை மட்டும் கூப்பிட்டான். மகளை ஊரில் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் பூங்காவனம் செவ்வந்தியையும் கூட ஏற்றிக்கொண்டாள். சாவடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

பட்டறையில் ஜமீல் பாய் பின்சக்கரங்களைக் கழற்றி, ஆக்சிலை உருவி, எண்ணெயை வடித்து, ஹவுசிங்கைத் திறந்து பழைய பல்லை வெளியே எடுத்துவைத்தார். புதுக் கிரவுன் வீல் சாக்கின் மேல், கிரீஸ் பூசி, பல்லுப் பல்லாக மின்னிக்கொண்டிருந்தது. செவ்வந்தி பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மாட்டலாமா என்று ஜமீல் பாய் கேட்டதும் தீர்த்தமலை பூங்காவனத்தைப் பார்த்தான்.

"நீயே சொல்லு. நீ சொன்னா மாட்டச் சொல்லிடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டி விஷயத்திலும் அவன் அவளைக் கேட்டதில்லை. டயர் வாங்கும்போது கேட்கவில்லை, வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்டியபோது கேட்கவில்லை, கூட்டத்தில் ஒரு வார்த்தை அவளுக்காகச் சொல்லவில்லை. இப்போது கேட்கிறான். எது நடந்தாலும் அது அவள் சொன்னதாக இருக்கவேண்டும் என்று கேட்கிறான். அவள் அதைப் புரிந்துகொண்டாள், அவள் புரிந்துகொண்டது அவனுக்கும் தெரிந்தது, அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் அவன் செய்த நல்லது.

பூங்காவனம் பெஞ்சுக்குப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தழும்பு காய்ந்து வெளுத்திருந்தது. கால் சூடாக இருந்தது, பிள்ளைகளின் கால் எப்போதும் இருக்கிற சூடு. செவ்வந்தி பன்னில் மிச்சம் இருந்ததை அம்மாவின் வாயில் திணித்தாள். பூங்காவனம் அதை மென்றாள். அவள் கண்ணுக்கு முன்னால் அம்மாவும் அண்ணனும் கைக்குழந்தைகளும் வந்து வரிசையாக நின்றார்கள், யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பதில் சொல்லியிருப்பாள். ஜமீல் பாய் பொறுமையாக நின்றார், அவருக்கு எல்லாக் கதையும் தெரிந்திருந்தது.

"மூடிடுங்க பாய்," என்றாள். "பழசே இருக்கட்டும்."

அவர் பழைய பல்லையே மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, சக்கரங்களை முடுக்கினார். வாங்கிய சாமானைச் சாக்கோடு சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெயில் தாழும் நேரத்தில் வண்டி மலை ஏறியது. மேலே விளாம்பட்டில் ஊர் மொத்தமும் கடைசி வளைவின் தலைப்பில் கூடி நின்றது. சக்கரத்துக்குள்ளே என்ன பல் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். வண்டி சத்தமில்லாமல் லேசாக ஏறி வந்தால் பல் மாறிவிட்டது என்று அர்த்தம். முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு கீழே இரண்டாவது வளைவில் வண்டி முனகியது. முனகல் இழுத்துக்கொண்டு மேலே வந்தது, நின்றது, திரும்ப முனகியது. கிளட்ச் கருகும் நாற்றம் காற்றில் ஏறி வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசி ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. எல்லோரும் ஓடி இறங்கினார்கள். கர்ணன்தான் முதலில் வந்து பின்கதவுக்குத் தோள் கொடுத்தான், ஊர்க்கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டினார், புளியங்கொட்டாயில் பிறந்த மற்ற நாலு பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் கைவைத்தார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் செவ்வந்தியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள். நல்லவேளை என்றாள். யாருக்கு நல்லவேளை என்று சொல்லவில்லை. தள்ளினார்கள், வண்டி அசைந்து கொடுத்துவிட்டுப் பின்னுக்கு வந்தது. உள்ளே பாரம் இருக்கிறது, யாராவது இறங்குங்கள் என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

தீர்த்தமலை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பூங்காவனம் மகளைச் சீட்டில் நகர்த்தி உட்காரவைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் நடந்து போனாள். அவளைப் பார்த்ததும் கூட்டம் விலகி அவளுக்கு இடம் விட்டது. அவள் அவர்கள் நடுவில் நின்று, சூடேறிய தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள்.

வண்டி ஏறியது.